கேப்டன் மானரிங் ஏன் சிரிப்பதே இல்லை? ஆர்தர் லோவின் நடிப்பைப் புரிந்துகொள்ள

பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கேப்டனும் அவனுடைய மாலுமிகளும் ஒரு தேவாலய மண்டபத்தில் நிற்கிறார்கள். காவலுக்கு நிற்பவர்கள் உள்ளூர்க் கிழவர்கள், கூடவே கழுத்தில் மஃப்ளர் சுற்றிய ஒரு விடலைப் பையன். அந்தப் பையன் ஹிட்லரைக் கேலி செய்து பாட்டுப் பாடுகிறான். ஜெர்மன் கேப்டனுக்குக் கோபம் வருகிறது. போரில் ஜெயித்ததும் கணக்குத் தீர்க்க வேண்டியவர்களின் பட்டியல் ஒன்று அவனிடம் இருக்கிறது. "உன் பெயரும் இதில் ஏறும், உன் பெயர் என்ன?" என்று கேட்கிறான். மூக்குக் கண்ணாடி போட்ட குட்டையான படைத்தலைவர் கேப்டன் மானரிங் பதறிப்போய்க் கத்துகிறார்: "அவனிடம் சொல்லாதே, பைக்!"

பைக் என்பதுதான் அந்தப் பையனின் பெயர்.

1973 அக்டோபர் 31 அன்று பிபிசியில் ஒளிபரப்பான 'டாட்ஸ் ஆர்மி' என்ற நகைச்சுவைத் தொடரின் காட்சி இது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து உள்ளூர்த் தொண்டர் படை ஒன்றின் கதை அது. பிரிட்டனில் இன்றும் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள். துண்டுக் காணொளியாக இதைப் பார்க்கும் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு குழப்பம் வருவது இயல்பு. சின்ன ஜோக்தானே, இதை ஏன் ஐம்பது ஆண்டுகளாகக் கொண்டாடுகிறார்கள்?

விடை அந்த வசனத்தைச் சொன்னவரின் முகத்தில் இருக்கிறது. தான் ஒரு ஜோக் சொல்லிவிட்டோம் என்ற எண்ணத்தின் சாயல்கூட அதில் இல்லை. ஒரு படைவீரனைக் காப்பாற்றும் பொறுப்பு மட்டுமே தெரிகிறது. அந்த முகத்துக்குச் சொந்தக்காரர், மானரிங்காக நடித்த பிரிட்டிஷ் நடிகர் ஆர்தர் லோ. அப்படியொரு முகம் எப்படி உருவானது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

குணச்சித்திர நடிகர் என்றால் யார்?

தமிழில் குணச்சித்திர நடிகர் என்றதும் அப்பா, அண்ணன், ஊர்ப் பெரியவர் என்று அழுத்தமான துணை வேடங்கள்தான் நினைவுக்கு வரும். நகைச்சுவை நடிகர் என்பவர் வேறு ஆள். பிரிட்டிஷ் மேடையிலும் திரையிலும் இந்த இரண்டும் ஒரே மனிதருக்குள் கலந்திருக்கும் ஒரு மரபு உண்டு. அதைப் புரிந்துகொள்ள மூன்று வித்தியாசங்களைப் பிடித்துக்கொண்டால் போதும்.

1. காமெடியன் என்பவர் தானாகவே மேடைக்கு வருகிறார். ஜோக் அவருடையது. பார்வையாளரை நேராகப் பார்த்துப் பேசுவார்.

2. கதாநாயகனும் ஓரளவுக்குத் தானாகவே வருகிறார். எந்தப் படத்தில் வந்தாலும் அவர் அவர்தான்.

3. குணச்சித்திர நடிகர் இன்னொரு மனிதராக வருகிறார். தபால் அலுவலகக் குமாஸ்தா, பாதிரியார், துணிக்கடை மேலாளர், ரயில் நிலைய அதிகாரி. அந்த மனிதருக்குத் தான் வேடிக்கையானவர் என்று தெரியாது. சிரிப்பு வந்தால் அது அந்த மனிதரின் குணத்திலிருந்து வர வேண்டும்.

ஆர்தர் லோ மூன்றாவது வகை. ஜோக் சொல்லத் தெரிந்தவர் என்று அவரை யாரும் புகழ்ந்ததில்லை. அவர் செய்ததெல்லாம் ஒரு மனிதரின் சுயமரியாதையை முழு மூச்சாகக் காப்பாற்றியதுதான். அது நழுவி விழும் நொடியில் நமக்குச் சிரிப்பு வருகிறது. அவருக்கு வருவதில்லை.

பட்டறை: வாரம் ஒரு நாடகம்

1915 செப்டம்பர் 22 அன்று இங்கிலாந்தின் டார்பிஷயரில், ஹேஃபீல்டு என்ற ஊரில் ஒரே பிள்ளையாகப் பிறந்தார் லோ. வளர்ந்தது மான்செஸ்டரில். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. மகனுக்குக் கப்பலில் சேர ஆசை. ஆனால் கண்பார்வை போதாது என்று வணிகக் கப்பல் வேலை கிடைக்காமல் போனது. பிறகு விமானத் தொழிற்சாலை, அப்புறம் ராணுவம். இரண்டாம் உலகப் போரின்போது மத்திய கிழக்கில் இருந்தார். அங்கே சிப்பாய்களின் பொழுதுபோக்குக்காகப் போட்ட நாடகங்களில்தான் நடிப்பு அவரைப் பிடித்துக்கொண்டது.

1945இல் ஊர் திரும்பியவர் மான்செஸ்டரின் ஹியூம் ஹிப்போட்ரோம் அரங்கில் ரெபர்ட்டரி நடிகராகச் சேர்ந்தார். வாரச் சம்பளம் 5 பவுண்டு. வயது முப்பதைத் தொட்டிருந்தது.

ரெபர்ட்டரி என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு ஊர் அரங்கில் நிரந்தரமாக ஒரு நடிகர் குழு இருக்கும். வாரத்துக்கு ஒரு நாடகம். இந்த வார நாடகத்தை இரவில் நடிக்க வேண்டும், அடுத்த வார நாடகத்தைப் பகலில் ஒத்திகை பார்க்க வேண்டும். திங்கட்கிழமை புது நாடகம் அரங்கேறிவிடும். ஒருவருக்கே ஒரு வாரம் கொலைகாரன், அடுத்த வாரம் பாதிரியார், அதற்கடுத்த வாரம் குடிகார மாமா என்று வேடம் மாறிக்கொண்டே இருக்கும். உடம்பு சரியில்லை என்று படுக்க முடியாது. மாற்று ஆள் கிடையாது.

இந்தப் பட்டறையில் ஒரு நடிகர் கற்றுக்கொள்வது என்ன? ஒரு மனிதரை ஆழமாக ஆராய நேரமில்லை. எனவே அவரைக் காட்டிக்கொடுக்கும் ஒன்றிரண்டு விஷயங்களை மட்டும் சட்டென்று பிடிக்க வேண்டும். தொப்பியை எப்படி வைக்கிறார், கண்ணாடியை எப்போது கழற்றுகிறார், கோபம் வந்தால் குரல் உயருமா தாழுமா. லோவின் பிற்கால நடிப்பில் தெரியும் சிக்கனம் இங்கே பழகியது என்றே நான் நினைக்கிறேன். அவர் ஒரு அசைவைக்கூட வீணாக்குவதில்லை.

அந்த அரங்கில்தான் ஜோன் கூப்பர் என்ற நடிகையைச் சந்தித்தார். 1948 ஜனவரியில் திருமணம். அடுத்த முப்பத்து நான்கு ஆண்டுகள் இருவரும் ஒரே தொழிலில், பல நேரம் ஒரே மேடையில் இருந்தார்கள்.

லண்டன் இசை நாடகங்களில் நடித்தார். 1949இல் ஈலிங் ஸ்டுடியோவின் 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரோனெட்ஸ்' படத்தின் கடைசிக் காட்சியில் நிருபராக ஒரு நிமிடம் தலைகாட்டினார். இப்படிச் சின்னச் சின்ன வேடங்களாகவே பதினைந்து ஆண்டுகள் ஓடின. 1960இல்தான் வீடுகளில் பெயர் தெரிந்த முகமானார். அந்த ஆண்டு டிசம்பரில் ஐடிவியில் தொடங்கிய 'கோரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடரில் லெனார்டு சுவிண்ட்லி என்ற துணிக்கடைக்காரர் வேடம் கிடைத்தது. ஆடம்பரமாகப் பேசுபவர், தெருவில் தனக்கு ஒரு கௌரவம் இருப்பதாக நம்புபவர். எமிலி என்ற பெண் திருமண நாளன்றே அவரை வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். மானரிங்கின் விதை இந்த சுவிண்ட்லியில் இருக்கிறது.

ஹோம் கார்டு என்ற படை

டாட்ஸ் ஆர்மியைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வரலாறு தேவை. 1940 மே மாதம், ஜெர்மனி மேற்கு ஐரோப்பாவைச் சுருட்டிக்கொண்டிருந்தது. மே 14 அன்று போர்த்துறை அமைச்சர் ஆண்டனி ஈடன் வானொலியில் பேசினார். வயது காரணமாகவோ வேறு காரணத்தாலோ ராணுவத்தில் சேர முடியாத ஆண்கள் உள்ளூர்ப் பாதுகாப்புத் தொண்டர்களாகப் பதிந்துகொள்ளலாம் என்று அழைத்தார். பேச்சு முடிவதற்குள் காவல் நிலையங்களில் கூட்டம் சேரத் தொடங்கிவிட்டது. சில வாரங்களில் அந்தப் படைக்கு 'ஹோம் கார்டு' என்று பெயர் மாற்றினார்கள். நம் ஊர்க்காவல் படை என்ற பெயரை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது எதிரி கடல் கடந்து வந்து இறங்கினால் முதலில் எதிர்த்து நிற்க வேண்டிய படை. ஆரம்பத்தில் துப்பாக்கி போதவில்லை. துடைப்பக் கட்டையை வைத்து அணிவகுப்புப் பழகியவர்கள் உண்டு.

தொடரை உருவாக்கிய ஜிம்மி பெரி, சிறுவயதில் வாட்ஃபோர்டு ஊரில் ஹோம் கார்டில் இருந்தவர். பைக் என்ற பையன் ஏறக்குறைய அவரேதான். டேவிட் கிராஃப்டுடன் சேர்ந்து எழுதினார். கற்பனை ஊரின் பெயர் வால்மிங்டன் ஆன் சீ, இங்கிலாந்தின் தென்கரை. வெளிப்புறக் காட்சிகளை எடுத்தது நார்ஃபோக் பகுதியில் உள்ள தெட்ஃபோர்டில். 1968 ஜூலை 31 அன்று முதல் பகுதி வந்தது. 1977 வரை ஒன்பது பருவங்கள், 80 பகுதிகள். உச்சத்தில் ஒரு பகுதியை 1 கோடியே 80 லட்சம் பேர் பார்த்தார்கள்.

நடிகர்களில் சிலர் போரை நேரில் பார்த்தவர்கள். மென்மையான காட்ஃபிரேயாக வந்த ஆர்னால்டு ரிட்லி முதல் உலகப் போரில் சோம் களத்தில் காயம்பட்டவர். கசாப்புக் கடைக்காரர் ஜோன்ஸாக வந்த கிளைவ் டன், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டுப் பல ஆண்டுகள் கைதியாக இருந்தவர். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் கிழவர்களின் தடுமாற்றத்தில் வேறொரு கனம் தெரியும்.

இடம் மாறிய இருவர்

இனி மையமான விஷயம். மானரிங் என்ற பெயரிலேயே ஒரு செய்தி இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் மெயின்வாரிங் என்று படிக்கத் தோன்றும். ஆனால் உச்சரிப்பு மானரிங். எழுத்துக்கும் ஒலிக்கும் சம்பந்தமில்லாத இப்படிப்பட்ட பெயர்கள் பழைய பெருங்குடும்பங்களுக்கு உரியவை. நம் மானரிங்கோ பெருங்குடும்பத்துக்காரர் இல்லை.

அவர் ஒரு சின்ன வங்கிக் கிளையின் மேலாளர். கிராமர் ஸ்கூலில் படித்தவர், அதாவது அந்தக் காலத்து நடுத்தர வர்க்கப் பிள்ளைகளின் பள்ளி. அவருடைய தலைமைக் குமாஸ்தா வில்சன் படித்தது பப்ளிக் ஸ்கூலில். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இங்கிலாந்தில் பப்ளிக் ஸ்கூல் என்றால் பணக்காரர்கள் கட்டணம் கட்டிப் பிள்ளைகளைத் தங்க வைக்கும் தனியார் பள்ளி. வங்கியில் மானரிங் மேலே, வில்சன் கீழே. படையிலும் மானரிங் கேப்டன், வில்சன் சார்ஜென்ட். ஆனால் பிறப்பு, பேச்சு, நடை, பெண்களிடம் இருக்கும் செல்வாக்கு எல்லாவற்றிலும் வில்சன் மேலே.

அதிகாரி மேல்தட்டு, சார்ஜென்ட் கீழ்த்தட்டு என்பதுதான் அன்றைய பிரிட்டிஷ் படங்களின் வாய்பாடு. இங்கே அது தலைகீழ். வேடங்களுக்கு ஆள் தேடியபோது இந்த வடிவம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. கேப்டன் வேடத்துக்கு முதலில் தோர்லி வால்டர்ஸை அணுகினார்கள், அவர் மறுத்துவிட்டார். லோவின் பெயரைப் பெரி சொன்னபோது பிபிசியில் தயக்கம் இருந்தது. அவர் போட்டி நிறுவனமான ஐடிவியின் ஆள் அல்லவா! கடைசியில் லோ கேப்டன், ஜான் லெ மெஷரியர் சார்ஜென்ட் என்று முடிவானது.

இதில் ஒரு விஷயம் என்னை எப்போதும் வியக்க வைக்கும். நிஜப் போரில் லெ மெஷரியர் டாங்கிப் படையில் கேப்டன். லோ சார்ஜென்ட் மேஜர். இருவரும் தங்கள் பதவியை மற்றவருக்குக் கொடுத்துவிட்டு ஒன்பது ஆண்டுகள் நடித்தார்கள். "கொஞ்சம் வரிசையில் நிற்கிறீர்களா?" என்று விருந்தாளியை உபசரிப்பது போல வில்சன் வீரர்களைக் கேட்கும்போது, மானரிங்கின் தாடை இறுகும். ஒரு தலைமுறைக் கோபம் அந்தத் தாடையில் இருக்கிறது.

1973இல் வந்த ஒரு பகுதியில் வில்சனுடைய உறவினர் ஒருவர் இறந்துபோக, வில்சனுக்கு 'ஆனரபிள்' என்ற பட்டம் வந்து சேரும். மானரிங் பல ஆண்டுகளாக நுழையத் தவித்த கோல்ஃப் கிளப், வில்சனைத் தானாகவே கூப்பிடும். உழைத்து மேலே வந்தவருக்குக் கதவு திறக்கவில்லை, ஒன்றும் செய்யாதவருக்குத் திறக்கிறது. பிரிட்டிஷ் வர்க்க அமைப்பை விளக்க எனக்குத் தெரிந்து இதைவிட எளிய வழி இல்லை.

லோ அதை எப்படிச் செய்தார்?

1. இடைவெளி. லோ வசனத்தைச் சரியாக மனப்பாடம் செய்து வரமாட்டார் என்று பெரியும் கிராஃப்டும் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அடுத்த வரியைத் தேடும் அந்த அரைநொடி, திகைத்துப்போய் வார்த்தை தேடும் மானரிங்கின் அரைநொடியாக மாறிவிட்டது. குறையைப் பாத்திரத்துக்குள் கரைத்துவிட்டார்.

2. கண்ணாடி. அடிபட்டாலும் விழுந்தாலும் எழும்போது தொப்பி கோணலாக, கண்ணாடி ஒரு பக்கமாகத் தொங்கும். அவர் முதலில் செய்வது அதைச் சரிசெய்வதுதான். வலிக்கிறது என்று காட்டமாட்டார். மானம் போய்விட்டதா என்றுதான் பார்ப்பார்.

3. கண்ணியத்தின் எல்லை. கால்சட்டை கழன்று விழும் வகைக் காட்சிகளில் நடிக்கமாட்டேன் என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை வைத்திருந்ததாகச் சொல்வார்கள். கர்வம் என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. மானரிங்கின் மானம் முழுதாகப் போய்விட்டால் கதையே முடிந்துவிடும். போகப்போகிறது, போகப்போகிறது என்ற நிலையிலேயே அதை வைத்திருக்க வேண்டும்.

4. வீரம். இதைப் பலர் கவனிப்பதில்லை. மானரிங் தற்பெருமைக்காரர், சிடுசிடுப்புக்காரர். ஆனால் கோழை இல்லை. ஒரு பகுதியில் வங்கியின் பாதாள அறையில் வெடிக்காத குண்டு ஒன்று அவர் மடியிலும் வில்சன் மடியிலும் வந்து விழுந்துவிடும். நகர்ந்தால் வெடிக்கும். மற்றவர்களை வெளியே அனுப்பச் சொல்லிவிட்டு அந்த மனிதர் உட்கார்ந்திருப்பார். இந்த நேர்மை இல்லாவிட்டால் அவர் வெறும் கோமாளி.

ரயில் நிலையத்தில் ஒரு காட்சி

லோவின் முழு அளவைப் பார்க்க வேண்டும் என்றால் 1970இல் வந்த 'மம்ஸ் ஆர்மி' பகுதியைப் பார்க்கச் சொல்வேன். படைக்குப் பெண் தொண்டர்களைச் சேர்க்கிறார்கள். திருமதி கிரே என்ற பெண் வருகிறார். மானரிங்குக்கு வீட்டில் எலிசபெத் என்ற மனைவி உண்டு, ஆனால் தொடர் முழுவதும் அவர் முகத்தை நாம் பார்ப்பதே இல்லை. ஒரே ஒருமுறை, பதுங்குகுழியில் மேல் படுக்கை பாரத்தில் கீழே தொய்ந்திருப்பதை மட்டும் காட்டுவார்கள். அன்பில்லாத வீடு என்பது சொல்லாமலே புரியும்.

மானரிங் காதலில் விழுகிறார். ஐம்பதைத் தாண்டிய ஒரு வங்கி மேலாளர், காபிக் கடையில் அந்தப் பெண்ணுக்காகக் காத்திருக்கிறார். ஊர் பேசத் தொடங்குகிறது. திருமதி கிரே லண்டனுக்குப் போய்விட முடிவு செய்கிறார். மானரிங் ரயில் நிலையத்துக்கு ஓடுகிறார். போகாதே என்று கெஞ்சுகிறார். ஊர் என்ன பேசினாலும் பரவாயில்லை என்கிறார். பெயருக்காகவே வாழ்ந்த மனிதர் சொல்கிற சொல் இது. ரயில் போய்விடுகிறது. நடைமேடையில் அவர் தனியாக நிற்கிறார்.

அந்த நிமிடங்களில் லோ எதையும் மாற்றவில்லை. அதே குரல், அதே விறைப்பான முதுகு. வழக்கமாக நம்மைச் சிரிக்க வைத்த அதே விஷயங்கள் இப்போது நெஞ்சை அடைக்கின்றன. குணச்சித்திர நடிப்பு என்பதன் பொருள் எனக்கு அங்கேதான் முழுதாகப் புரிந்தது.

புகழின் விலையும் வரம்பும்

ஒரே வேடத்தில் முத்திரை குத்தப்பட்டுவிடுவது இத்தகைய நடிகர்களுக்கு வரும் ஆபத்து. லோ அதிலிருந்து ஓரளவு தப்பினார். 1974இல் நேஷனல் தியேட்டரில் ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தில், ஜான் கில்குட் நாயகனாக நிற்க, குடிகார ஸ்டெஃபானோவாக நடித்தார். இயக்குநர் லிண்ட்சே ஆண்டர்சன் தன் படங்களில் அவரைத் தொடர்ந்து பயன்படுத்தினார். 1973இல் வந்த 'ஓ லக்கி மேன்!' படத்தில் மூன்று வேடங்களில் நடித்து, சிறந்த துணை நடிகருக்கான பாஃப்டா விருது வாங்கினார். அதில் ஒன்று முகத்தில் கறுப்புப் பூசி நடித்த ஆப்பிரிக்க சர்வாதிகாரி வேடம். அன்று அதற்கு விருது கிடைத்தது உண்மை. இன்று அதைப் பார்க்கச் சங்கடமாக இருப்பதும் உண்மை.

டாட்ஸ் ஆர்மியே பார்க்காத குழந்தைகளுக்கும் அவர் குரல் தெரியும். 1970களில் 'மிஸ்டர் மென்' கார்ட்டூன்களுக்குக் கதை சொன்னவர் அவர்தான். வங்கி மேலாளரின் அதே கறாரான குரலில், அத்தனை பாத்திரங்களுக்கும்.

கப்பலில் சேர முடியாத பையனின் ஆசையும் ஒருவகையில் நிறைவேறியது. 1885இல் கட்டப்பட்ட 'அமேசான்' என்ற பழைய நீராவிப் படகை 1968இல் வாங்கி, பழுதுபார்த்துக் கடலுக்குக் கொண்டுபோனார்.

கடைசி மேடை

1982 ஏப்ரல். லோவுக்கு 66 வயது. உடல்நிலை மோசமாகியிருந்தது, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடும் நோயும் இருந்தது. ஆனாலும் ஜோனுடன் ஊர் ஊராக நாடகம் போட்டுக்கொண்டிருந்தார். நாடகத்தின் பெயர் 'ஹோம் அட் செவன்'. தன் வாழ்வில் ஒரு நாள் எங்கே போனது என்று நினைவில்லாமல் வீடு திரும்பும் ஒரு வங்கி ஊழியரின் கதை.

ஏப்ரல் 14 அன்று பகலில் பர்மிங்காமில் ஒரு நேரலைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பேட்டி கொடுத்தார். மாலையில் அலெக்ஸாண்ட்ரா தியேட்டரில், திரை உயர்வதற்கு முன், ஒப்பனை அறையில் பக்கவாதம் தாக்கிச் சரிந்தார். மறுநாள் அதிகாலையில் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது.

இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. ஜோனும் வரவில்லை. நாடகம் பெல்ஃபாஸ்டுக்குப் போயிருந்தது. அவர் அன்று மேடையில் இருந்தார்.